தாராவி: சதுப்பை நகரமாக்கியவர்களும் சான்று கேட்கும் அரசும்

மும்பையின் மாகிம், சயான் ரயில் நிலையங்களுக்கு இடையே, மித்தி ஆற்றின் தென்புறத்தில் சுமார் 2.4 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ளது தாராவி. அங்கு வாழ்வோரின் எண்ணிக்கையை 6 லட்சம் என்று மதிப்பிடுவோரும் உண்டு. 10 லட்சம் என்று மதிப்பிடுவோரும் உண்டு. குறைந்த மதிப்பீட்டை ஏற்றுக்கொண்டாலும் ஒரு சதுர கிலோமீட்டருக்கு இரண்டரை லட்சம் பேர் வாழ்கின்றனர். உலகில் மக்கள் மிக நெருக்கமாக வாழும் நகரப் பகுதிகளுள் ஒன்றாக அது எண்ணப்படுவதற்கு இதுவே காரணம்.

"ஆசியாவின் மிகப் பெரிய குடிசைப்பகுதி" என்ற அடைமொழியோடுதான் ஊடகங்கள் தாராவியை அறிமுகப்படுத்துகின்றன. வறியவர்கள் எங்கிருந்தோ வந்து, அரசு நிலத்தை ஆக்கிரமித்து, ஒழுங்கின்றிப் பெருகினார்கள் என்ற கதை அந்த அடைமொழிக்குள் ஒளிந்திருக்கிறது. ஆனால் தாராவியின் தோற்றத்தை ஆராய்ந்தால் வேறொரு வரலாறு தென்படுகிறது. எந்தத் தொழில் நகரத்துக்குள் இருக்கலாம், எது விளிம்புக்குத் தள்ளப்பட வேண்டும், அந்தத் தொழிலை எந்தச் சாதியினர் செய்ய வேண்டும் என்ற ஏற்பாட்டின் விளைவாகவே இப்பகுதி உருவானது. அந்த ஏற்பாட்டில் உழைத்து நிலத்தை உருவாக்கிய மக்களிடம் இன்று அரசு தேதி கேட்கிறது, சான்று கேட்கிறது. மறுமேம்பாட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கும் இவ்வேளையில் இந்த வரலாற்றைத் தொகுத்துப் பார்ப்பது அவசியம் எனக் கருதுகிறோம்.

கழிமுகத்து மீனவர் ஊர்

தாராவி முதலில் ஒரு மீனவர் ஊர். மும்பைத் தீவுகளின் பூர்வ குடிகளான கோலி மக்கள் மாகிம் கழிமுகத்தில் மீன் பிடித்து வாழ்ந்த இடம் அது. 1909ஆம் ஆண்டில் வெளியான பம்பாய் நகர அரசிதழ்த் தொகுப்பு, நகரின் ஆறு பெரிய 'கோலிவாடா'க்களுள் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிடுகிறது. ஆங்கிலேயர் அங்கு கட்டிய சிறிய கோட்டை ஒன்று, 'காலா கில்லா' என்ற பெயரில் இன்றும் சிதைந்த நிலையில் நிற்கிறது. தீவின் வடக்கு எல்லை அக்காலத்தில் அதுதான்.

பம்பாய்த் தீவையும் சால்செட் தீவையும் இணைப்பதற்காக 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சயான், மாகிம் ஆகிய இரு இடங்களிலும் கடற்பாலச் சாலைகள் அமைக்கப்பட்டன. கடல்நீர் வந்து செல்லும் வழி குறுகியது. கழிமுகம் மெல்ல மெல்லத் தூர்ந்தது. மீன்வளம் குறைந்து கோலி மக்களின் வாழ்வாதாரம் தேய்ந்தது. நீருமற்ற நிலமுமற்ற ஒரு சதுப்பு எஞ்சியது. நகரம் எதையெல்லாம் தன் கண்ணில் படாமல் வைக்க விரும்பியதோ, அதையெல்லாம் கொண்டு சேர்க்கும் இடமாக அந்தச் சதுப்பு மாறியது.

தோல் தொழிலும் சாதியும்

தாராவியில் முதல் தோல் பதனிடும் கூடம் 1887ஆம் ஆண்டில் வந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. கழிமுகத்தின் அக்கரையில் பாந்த்ராவில் இறைச்சிக்கூடம் இருந்தது. பச்சைத் தோல் கெடுவதற்குள் உப்பிடப்பட வேண்டும். பின்னர் சுண்ணாம்புத் தொட்டியில் ஊற வேண்டும். மயிரும் சதையும் வழிக்கப்பட வேண்டும். பட்டைச் சாற்றில் பதப்பட வேண்டும். இதற்கு ஏராளமான நீர் வேண்டும், கழிவை வெளியேற்ற இடம் வேண்டும், நாற்றத்தை எதிர்த்துக் குரல் எழுப்ப அண்டை வீட்டார் இல்லாதிருக்க வேண்டும். நகரின் விளிம்பில் இருந்த சதுப்பு இவை அனைத்துக்கும் வசதியாக அமைந்தது.

ஆனால் இடம் கிடைத்தால் மட்டும் தொழில் நடந்துவிடாது. செத்த விலங்கின் தோலைத் தொடுவதைத் தீட்டு என்று விதித்த சமூகத்தில், அதைத் தொடக்கூடியவர்கள் யார் என்பது பிறப்பிலேயே முடிவு செய்யப்பட்டிருந்தது. தோல்கூட முதலாளிகளில் தமிழ் முஸ்லிம் வணிகர்களும் இருந்தனர். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றவர்களோ தமிழகத்திலிருந்து வந்த ஆதிதிராவிடர்களும், மராட்டிய மண்ணின் டோர், சம்பார் சாதியினரும் ஆவர். சென்னை மாகாணம் ஆவாரம்பட்டையால் தோல் பதனிடுவதில் அப்போது பெயர் பெற்றிருந்தது. அந்தத் தொழில்திறனும் அதைச் சுமந்திருந்த சாதி இழிவும் ஒன்றாகவே பம்பாய்க்குப் பயணம் செய்தன.

தோலைப் போலவே மண்பாண்டத் தொழிலும் புகையின் காரணமாக நகரத்துக்குள் வேண்டாததாயிற்று. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் நகரின் தென்பகுதியிலிருந்து கட்டம் கட்டமாக வடக்கே நகர்த்தப்பட்டு இறுதியில் தாராவியில் நிலைகொண்டனர். 'கும்பார்வாடா' என்று அவர்களது குடியிருப்பு அழைக்கப்படுகிறது. குடியிருப்பும் சக்கரமும் பொதுச் சூளையும் அடுத்தடுத்து இருக்கும் அமைப்பு அங்கு இன்றும் காணக்கிடைக்கிறது.

ஆலைக்குள் நுழைய முடியாதவர்கள்

பம்பாயின் வளர்ச்சி என்றால் பஞ்சாலைகளே நினைவுக்கு வரும். கிராமத்தின் சாதிக் கொடுமையிலிருந்து தப்பி நகரத்துக்கு வந்த தலித்துகளுக்கு ஆலை வேலை ஏன் முழுமையாகக் கிடைக்கவில்லை என்ற கேள்வியை நாம் எழுப்ப வேண்டும். தாராவி ஏன் வளர்ந்தது என்பதற்கான விடையின் ஒரு பகுதி அங்கே இருக்கிறது.

ஆலைகளில் அதிகக் கூலி தரும் பிரிவு நெசவு. தறியின் நாடாவில் புதிய நூலைக் கோக்கும்போது, நூலின் நுனியை வாயால் உறிஞ்சி இழுப்பது அக்கால வழக்கம். தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டவர் வாய் வைத்த நாடாவில் தாம் வாய் வைக்க முடியாது என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தனர். எனவே நெசவுப் பிரிவு தலித்துகளுக்கு மூடப்பட்டது. கூலி குறைந்த நூற்புப் பிரிவில்தான் அவர்கள் அமர்த்தப்பட்டனர். 1928ஆம் ஆண்டின் பெரும் ஆலை வேலைநிறுத்தத்தின்போது, நெசவுப் பிரிவை அனைவருக்கும் திறக்க வேண்டும் என்ற கோரிக்கையைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன்வைக்கத் தயங்கியதை அண்ணல் அம்பேத்கர் கடுமையாகச் சாடினார்.

இவ்வாறு வாசல் அடைக்கப்பட்டவர்களுக்கு எஞ்சியிருந்தவை தோல், துப்புரவு, சுமைப்பணி ஆகியவையே. மாநகராட்சியின் துப்புரவுப் பணியில் மகர், வால்மீகி முதலிய சாதியினர் அமர்த்தப்பட்டனர். தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப் தலித் உழைப்பாளர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. மராத்தி எழுத்தாளரும் மக்கள் கலைஞருமான அண்ணாபாவ் சாத்தே 1940களில் அங்கு வாழ்ந்து செயல்பட்டார். சேரி மக்களின் வாழ்க்கை அவரது எழுத்துகளின் உள்ளடக்கமாயிற்று.

நெல்லைச் சீமையிலிருந்து பம்பாய்க்கு

1871இல் பம்பாய் ரயில் பாதையும் சென்னை ரயில் பாதையும் ராய்ச்சூரில் இணைந்தன. 1876இல் திருநெல்வேலிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டில் தொடங்கிய பெரும்பஞ்சம் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. நிலமற்ற கூலிகளாக இருந்த ஒடுக்கப்பட்ட மக்கள் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும், பர்மாவுக்கும், கோலார் தங்கவயலுக்கும் சென்றதை நாம் அறிவோம். அதே பெயர்வின் இன்னொரு கிளைதான் பம்பாய். பஞ்சம் மட்டுமே அவர்களை விரட்டவில்லை. செருப்பணிந்து தெருவில் நடக்க முடியாத, கூலியை நெல்லாக அளந்து வாங்கிக் கைகட்டி நிற்க வேண்டிய வாழ்க்கையும் விரட்டியது.

தாராவியில் தமிழர்கள் வேரூன்றியதன் தடங்கள் தெளிவாக உள்ளன. 1887இல் பெரிய மசூதி எழுந்தது. 1913இல் பிள்ளையார் கோயில் கட்டப்பட்டது. 1920களில் தமிழர் வருகை பெருகியது. 1924இல் தமிழ்ப் பள்ளி தொடங்கப்பட்டது. தாராவியின் முதல் பள்ளி அதுவே. கல்வி மறுக்கப்பட்ட மக்கள், அயல் மண்ணில் கால் ஊன்றிய சில பத்தாண்டுகளிலேயே தாய்மொழியில் பள்ளி அமைத்துக்கொண்டார்கள் என்பது கவனத்துக்குரியது.

இதே காலத்தில், மிக அருகில், இன்னொரு தமிழ்க் குடியிருப்பும் உருவாகிக்கொண்டிருந்தது. 1896இல் பம்பாயைத் தாக்கிய கொள்ளைநோய்க்குப் பிறகு, 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. நெரிசலைக் குறைக்கும் நோக்கில் தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் அகன்ற சாலைகளும் காற்றோட்டமான கட்டடங்களும் கொண்ட புறநகர்களை அது திட்டமிட்டது. அவ்வாறு உருவான மாட்டுங்காவில் அரசு அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும் எழுத்தர்களாகப் பணியாற்றிய தமிழ்ப் பார்ப்பனர்கள் குடியேறினர். தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932இல் அங்கு நிறுவப்பட்டது.

மத்திய ரயில் பாதைக்குக் கிழக்கே மாட்டுங்கா, மேற்கே தாராவி. இரு சாராரும் தமிழ் பேசினர். இரு சாராரும் அதே மாகாணத்திலிருந்து ரயிலேறி வந்தவர்கள். ஒரு சாராருக்கு அரசு சாலையும் கழிவுநீர்க் குழாயும் அமைத்துக் கொடுத்துவிட்டு மனைகளை ஒதுக்கியது. மறு சாரார் சதுப்பில் தாமே மண் நிரப்பிக் குடிசை போட்டனர். ஒரு நகரில் எது "திட்டமிட்ட புறநகர்", எது "சேரி" என்பதைத் தீர்மானிப்பதில் வறுமையோடு சாதியும் எவ்வளவு பங்காற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

சேறு நிலமான விதம்

தாராவியின் பெரும்பகுதி இயற்கையாக அமைந்த தரையன்று. கடல் ஏற்றத்தின்போது நீர் புகும் சதுப்பில், குப்பையையும் கட்டட இடிபாடுகளையும் தொழிற்கூடக் கழிவுகளையும் கொட்டி நிரப்பி, மழைக்கு அமிழ்ந்த இடத்தில் மீண்டும் நிரப்பி, குடியேறிய மக்களே தலைமுறைகளாக உருவாக்கிய தரை அது. அந்த வேலைக்குக் கூலி தந்தவர் எவருமில்லை.

குடியேற்ற அலைகள் தொடர்ந்தன. 1972இல் மராட்டியத்தை உலுக்கிய வறட்சி, உள் மாவட்டங்களின் தலித்துகளையும் நிலமற்றவர்களையும் பம்பாய்க்குத் துரத்தியது. உத்தரப் பிரதேசம், பீகாரிலிருந்து தையல், பூத்தையல் தொழிலாளர்கள் வந்தனர். 1982இல் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததைத் தொடர்ந்து பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பெரிய ஆலையிலிருந்து சிதறிய உற்பத்தி, சங்கமும் சட்டப் பாதுகாப்பும் இல்லாத சிறு கூடங்களுக்கு இடம்பெயர்ந்தது. தாராவியின் தையல் கூடங்கள் இவ்வகையில் பெருகின.

1971இல் இறைச்சிக்கூடம் பாந்த்ராவிலிருந்து தேவ்னாருக்கு மாற்றப்பட்டது. பின்னர் தோல் பதனிடுதலும் பெருமளவில் வெளியேற்றப்பட்டது. தோல்பொருள் தயாரிப்பும் விற்பனையும் மட்டும் தங்கின. இன்று பைகளும் இடைவார்களும் ஆடைகளும் அங்கே தயாராகின்றன. தமிழ்க் குடும்பங்கள் விடியுமுன் அவித்தெடுக்கும் இட்லி நகரெங்கும் தலைச்சுமையாகச் செல்கிறது. பதின்மூன்றாம் காம்பவுண்டில் மும்பையின் ஞெகிழிக் கழிவு நிறம்வாரியாகப் பிரிக்கப்பட்டு, கழுவப்பட்டு, உருக்கப்பட்டு மீண்டும் மூலப்பொருளாகிறது. நகரம் கழித்ததைத் தொட்டுப் பிரிக்கும் இந்த வேலையிலும் தலித்துகளும் வறிய முஸ்லிம்களுமே மிகுதி. தொழிலின் பெயர் மாறியது. அதைச் செய்வோரின் சமூக அடையாளம் பெரிதாக மாறவில்லை.

இம்மக்கள் வன்முறையையும் எதிர்கொண்டனர். 1966இல் தோன்றிய சிவசேனையின் தொடக்ககாலப் பகை தென்னிந்தியர்களையே குறிவைத்தது. 1992-93 கலவரத்தில் தாராவி பெரும் பாதிப்புக்குள்ளானது. அவற்றுக்குப் பின்னரும் ஒரே சந்தில் பல மொழியினரும் பல மதத்தினரும் சேர்ந்து வாழ்கின்றனர்.

குடிசை என்ற சட்டப் பெயர்

விடுதலைக்குப் பின் 1950இலும் 1957இலும் பம்பாய் மாநகரின் எல்லை வடக்கே விரிவாக்கப்பட்டது. விளிம்பில் இருந்த தாராவி நகரின் நடுவுக்கு வந்துவிட்டது. 1970களின் இறுதியிலிருந்து மித்தி ஆற்றின் அக்கரையில் பாந்த்ரா-குர்லா வணிக வளாகம் உருவெடுத்தது. யாரும் விரும்பாத சதுப்பு, நாட்டின் விலை உயர்ந்த நிலங்களுக்கு அண்டை நிலமாயிற்று. நிலத்தின் பெரும்பகுதி மாநகராட்சிக்கு உரியது என்பதால், அதை நிலமாக்கியவர்கள் சட்டத்தின் கண்ணில் ஆக்கிரமிப்பாளர்களாகவே இருந்தனர்.

1971இல் மகாராஷ்டிர குடிசைப்பகுதிச் சட்டம் வந்தது. 1976இல் குடிசைக் கணக்கெடுப்பு நடத்தப்பட்டுப் புகைப்பட அட்டைகள் வழங்கப்பட்டன. குடிசைவாசியின் இருப்பு ஓர் அட்டைக்குள்ளும் ஒரு தேதிக்குள்ளும் அடக்கப்படும் நடைமுறை இங்குதான் வேர்கொள்கிறது. 1981இல் நடைபாதைவாசிகளை வெளியேற்ற மாநில அரசு முனைந்ததை எதிர்த்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வாதார உரிமை என்பது வாழ்வுரிமையின் பகுதியே என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் அத்தீர்ப்பு வெளியேற்றத்தை முற்றாகத் தடுக்கவில்லை. முன்னறிவிப்பும் முறையான நடைமுறையும் வேண்டும் என்ற அளவோடு நின்றது.

அதே 1985இல் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் சுமார் 37 கோடி தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. தாராவியில் எத்தனை பேர் வாழ்கின்றனர் என்ற அடிப்படைக் கேள்வி அப்போது எழுந்தது. தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு 1986இல் நடத்திய கணக்கெடுப்பு, 80,000க்கும் மேற்பட்ட கட்டடங்களில் சுமார் 5,30,000 பேர் வாழ்வதைப் பதிவு செய்தது. அந்த அமைப்பை வழிநடத்திய ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். பின்னாளில் மகசேசே விருது பெற்றவர். தம்மைத் தாமே எண்ணிக்கொள்வது குடிசைவாசிகளின் அரசியல் ஆயுதம் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அரசின் கணக்கில் விடுபடுபவர் வீடும் இழப்பார் என்பதை அடுத்துவந்த ஒவ்வொரு திட்டமும் மெய்ப்பித்தது.

எல்லை கடந்தால் மறையும் பட்டியல் சாதி

வீட்டுச் சான்றைப் போலவே, தாராவியின் தமிழ்த் தலித்துகள் எதிர்கொள்ளும் இன்னொரு சான்றுச் சிக்கல் உண்டு. பொது ஊடகங்கள் அதைப் பேசுவதேயில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 341ஆம் பிரிவு, பட்டியல் சாதிகளை ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியே அறிவிக்க வகை செய்கிறது. தமிழகப் பட்டியலில் உள்ள ஆதிதிராவிடர், பறையர், பள்ளர் ஆகிய பெயர்கள் மகாராஷ்டிரப் பட்டியலில் இல்லை. ஒரு மாநிலத்தின் பட்டியலில் உள்ளவர் இன்னொரு மாநிலத்துக்குப் பெயர்ந்தால், புதிய மாநிலத்தில் அந்தத் தகுதியைக் கோர முடியாது என்று 1990இல் மர்ரி சந்திரசேகர் ராவ் வழக்கிலும், மகாராஷ்டிரத்தில் சாதிச் சான்று வழங்குவது தொடர்பான 1994ஆம் ஆண்டு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018இல் பீர் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை உறுதி செய்தது.

இதன் பொருளை நடைமுறையில் காண்போம். நெல்லையிலிருந்து வந்த ஆதிதிராவிடரின் பேரன் தாராவியில் பிறந்து, அங்கேயே படித்திருந்தாலும் மகாராஷ்டிர அரசுப் பணியிலோ மாநிலக் கல்லூரி இடங்களிலோ பட்டியல் சாதி ஒதுக்கீட்டைப் பெற முடியாது. மைய அரசின் பணிகளுக்குச் சொந்த மாநிலச் சான்று செல்லும்; ஆனால் அதைப் பெற, பார்த்திராத ஊரின் வட்டாட்சியர் அலுவலகத்தில் தாத்தாவின் தடயத்தைத் தேட வேண்டும். நெல்லைப் பகுதியில் பலர் கிறித்தவம் தழுவியவர்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களுக்கு எங்குமே அத்தகுதியை அளிப்பதில்லை.

தாராவி சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. மாநிலச் சட்டமன்றத்தின் தனித்தொகுதியில் போட்டியிடுபவர் அந்த மாநிலத்தின் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 5ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே அங்கு நான்கு தலைமுறையாக வாழும் தமிழ் ஆதிதிராவிடர், தமிழகச் சான்றை வைத்துக்கொண்டு தம் சொந்தத் தொகுதியில் வேட்பாளராக நிற்க இயலாது. தோல்கூடத்தில் வேலை கொடுத்தபோது அவரது சாதி மாநில எல்லையைத் தாண்டி அடையாளம் காணப்பட்டது. உரிமை கேட்கும்போது மட்டும் அது எல்லையில் நின்றுவிடுகிறது.

மாநிலப் பட்டியலில் இடம்பெற்றுள்ள உள்ளூர்ச் சமூகங்களின் பங்கு குறைந்துவிடக் கூடாது என்ற கவலை நியாயமானதே. அதற்கு விடை, பெயர்ந்தவர்களைத் தகுதியற்றவர்களாக்குவது அன்று. பட்டியலைத் திருத்தும் அதிகாரம் 341(2)ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கு உண்டு. பல தலைமுறைகளாக நிலைத்து வாழ்வோரைச் சேர்த்து, அதற்கேற்ப ஒதுக்கீட்டு அளவையும் உயர்த்தும் வழி திறந்தே இருக்கிறது.

மறுமேம்பாடு யாருக்கு?

தாராவியை இடித்துக் கட்டும் திட்டம் 2004 முதல் பல வடிவங்களில் அறிவிக்கப்பட்டு வந்தது. 2019இல் செக்லிங்க் நிறுவனம் அதிகத் தொகைக்கு ஏலம் கேட்டது. 2020இல் அந்த ஏலம் ரத்து செய்யப்பட்டது. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்குத் திட்டத்தைப் பெற்றது. திட்ட நிறுவனத்தில் அக்குழுமத்துக்கு 80 விழுக்காடு, மாநில அரசுக்கு 20 விழுக்காடு. ஏல ரத்தை எதிர்த்த வழக்கை 2024 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இத்திட்டம் மக்களைத் தேதியின்படி பிரிக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வாழ்வதை மெய்ப்பிப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின், 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு, இரண்டரை லட்சம் ரூபாய் விலையில். அதற்கும் பின் வந்தவர்களுக்கும் மேல்தளங்களில் வாழ்பவர்களுக்கும் வெளியிடத்தில் வாடகை அல்லது தவணை முறை.

மேல்தளம் என்பது தாராவியில் தற்செயலாக வந்ததன்று. தரை கிடைக்காத இடத்தில் மகனுக்குத் திருமணமானால் மேலே ஓர் அறை எழும்; கடன் வந்தால் அது வாடகைக்குப் போகும். கீழே தையல் எந்திரம், மேலே குடியிருப்பு என்ற அமைப்பே அங்குள்ள பொருளாதாரம். தரைத்தளத்தை மட்டும் முதன்மைப்படுத்தும் விதி, வாடகைக்கு வாழும் மிக வறிய உழைப்பாளியை முதலில் வெளியே தள்ளுகிறது. தகுதி பெற்ற குடும்பமும், வீட்டு வாசலிலேயே தொழில் செய்யும் வாய்ப்பை அடுக்குமாடியில் இழக்கிறது. கும்பார்வாடாவின் சூளைக்கு எந்த மாடியில் இடம்?

தகுதியற்றோர் எனக் கணிக்கப்படுவோருக்காக அடையாளம் காணப்பட்ட நிலங்களைக் கவனிக்க வேண்டும். காஞ்சூர்மார்க், பாண்டூப், முலுண்ட் பகுதிகளில் சுமார் 256 ஏக்கர் உப்பளம். தேவ்னார் குப்பைக் கிடங்கில் 124 ஏக்கர். தேவ்னாரில் 1927 முதல் நகரின் குப்பை கொட்டப்படுகிறது. நகரின் அழுக்கைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு மீண்டும் ஒரு சதுப்பும் ஒரு குப்பைமேடுமே காட்டப்படுகின்றன.

தாராவி இருக்கும் நிலையிலேயே இருக்கட்டும் என்பது நமது வாதமன்று. 2020 ஏப்ரலில் முதல் கொரோனா தொற்று பதிவானபோது, அங்குள்ள மக்களில் 80 விழுக்காட்டினர் சுமார் 450 பொதுக்கழிப்பறைகளையே நம்பியிருந்ததாக மாநகராட்சி அதிகாரிகளே கூறினர். அந்நிலை மாற வேண்டும் என்பதில் அங்கு வாழ்வோரைவிட அக்கறை கொண்டவர் வேறு எவர்? கழிப்பறையும் குடிநீரும் உறுதியான கூரையும் அவர்களது நெடுநாள் கோரிக்கைகள். கேள்வி, அவற்றுக்கு விலையாக அவர்கள் எதை இழக்க வேண்டும் என்பதே.

எனவே சில அடிப்படைக் கோரிக்கைகள் முன்வைக்கப்பட வேண்டும் எனக் கருதுகிறோம். மேல்தளத்தில் வாழ்வோரையும் வாடகையாளர்களையும் தாராவிக்குள்ளேயே குடியமர்த்த வேண்டும். தொழிற்கூடங்களும் அவற்றில் தங்கி உழைப்போரும் கணக்கெடுப்பில் தனியே பதிவாக வேண்டும். யார் தகுதி பெறுகின்றனர், யார் வெளியேற்றப்படுகின்றனர் என்ற விவரம் சாதி, மத வாரியாக வெளியிடப்பட வேண்டும். அது இல்லாமல் இத்திட்டம் தலித்துகளையும் முஸ்லிம்களையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதை எவரும் மதிப்பிட முடியாது. பெயர்ந்து வாழும் பட்டியல் சாதியினரின் தகுதி குறித்து நாடாளுமன்றம் சட்டத் தீர்வு காண வேண்டும். தமிழகக் கட்சிகள் தேர்தல் காலத்தில் தாராவிக்கு வாக்குக் கேட்கச் செல்வதோடு நிற்காமல் இதை அவையில் எழுப்ப வேண்டும்.

2000 ஜனவரி 1 என்பது அரசு தேர்ந்துகொண்ட தேதி. 1887இல் தோல் தொட்டியில் இறங்கியவர்களிடம் யாரும் அட்டை கொடுத்து வைக்கவில்லை. இழப்பீட்டுக்கும் உரிமைக்கும் கணக்குத் தொடங்க வேண்டிய இடம் எது என்பதைத் தாராவியின் நிலமே காட்டுகிறது.